ஐந்நூறு கிராம்

சௌந்தரபாண்டி அண்ணன் நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார், இப்ப மணி ரெண்டே கால், அதுக்குள்ள இந்தக் கைப்பிடியை அராவி முடிச்சிரணும், முடிக்கலைன்னா நாளைக்கழிச்சு செலக்‌ஷன்ல எதைப் பிடிச்சுச் சுடுறது, ஆள்காட்டி விரலை நீட்டியா. அரம் இருக்கு, உப்புத்தாள் இருக்கு, கிழிச்ச பழைய காட்டன் சேலை இருக்கு, தூசி பறக்கக் கூடாதுன்னு ஃபேனைக்கூட நிறுத்தியாச்சு, எல்லாம் இருக்கு, கைதான் வர மாட்டேங்குது. முக்கால் மணி நேரமா மேசைக்கு முன்னாடி சும்மா உக்காந்துருக்கேன். சித்திரை வெயில், மாடி வீடு, தலைக்கு மேல மொட்டைத் தளம், கழுத்துல இறங்குற வேர்வையைத் துடைக்கக்கூடத் தோணல. மேசைமேல சேலைத்துணி, துணிமேல ஜோதியோட பிஸ்டல். நாகஜோதி. அவ போய்ச் சேர்ந்து பதினோரு மாசம் ஆச்சு, இன்னமும் ஜோதியோடதுன்னுதான் வாய் சொல்லுது. என்னோடதுன்னு சொல்லிப் பாக்குறேன், சுகந்தியோட பிஸ்டல், சுகந்தியோடது, ம்ஹூம், ஒட்டல. பிஸ்டல்னதும் எல்லாரும் பயந்துக்கிறாங்க. இந்த வீட்டு ஓனரம்மா மொத நாளு பெட்டியைப் பாத்துட்டு முகமே வெளுத்துருச்சு, அப்புறம் நான் உக்கார வச்சுச் சொன்னேன், இது ஆளைச் சுடுறது இல்லம்மா, காத்தை அடைச்சு வச்சுச் சுடுறது, மொளகு அளவு ஈயக்குண்டு, பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, நட்டநடுவுல சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், அதுல பட்டா பத்து மார்க், அம்புட்டுத்தான் வெளையாட்டு. அதுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டின்னு அந்தம்மா கேட்டுச்சு. அதுக்குத்தான். அதுக்கேதான் என் வாழ்க்கை முழுசும் போயிருக்கு.

எனக்குன்னு ஒரு பிஸ்டல் இல்லாம இல்ல. பீரோவுக்குக் கீழ கெடக்கு, கிளப்புல ஒரு சீனியர் கிட்ட செகண்ட்ஹேண்டா வாங்கினது, ஒன்பது வருஷமா என் கையில வேர்வை குடிச்சது. ஆனா காத்து அடைக்கிற சிலிண்டருக்குப் பத்து வருஷந்தான் ஆயுசு, மேல தேதி குத்தியிருப்பான், தேதி தாண்டிருச்சுன்னா மேட்ச்சுல உள்ளயே விடமாட்டான், வெடிச்சா யாரு பொறுப்பு. போன மாசத்தோட என் சிலிண்டர் தேதி முடிஞ்சிருச்சு. புதுசு வெளிநாட்டுல இருந்து வரணும், ரெண்டு மாசம் ஆகுமாம். தேதியை நான் பாக்காம இல்ல, பாத்துட்டுத்தான் இருந்தேன், வருஷத்துல பாதி நாளு பாத்துட்டு, ஆகட்டும் ஆகட்டும்னு விட்டேன், கூறுகெட்ட கழுதை. இல்ல, கூறு இல்லாம விடல. அந்தத் தேதியோட எல்லாம் முடிஞ்சா நல்லதுன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. முப்பத்தேழு வயசு. நாலு வருஷமா ஸ்கோர் இறங்கிக்கிட்டே வருது. இந்தத் தடவை டீம்ல இல்லைன்னா அடுத்த தடவைன்னு ஒண்ணு கெடையாது, கோச்சு சொல்லலை, ஆனா அவர் என்னைப் பாத்துப் பேசுறதை நிறுத்திட்டு எனக்குப் பக்கத்துல நிக்கிறவங்களைப் பாத்துப் பேச ஆரம்பிச்சுட்டார். அப்பத்தான் மூணு வாரத்துக்கு முன்னாடி ஜோதி வீட்டுக்காரர், சௌந்தரபாண்டி அண்ணன், பேட்டரிக் கடையைப் பாதியில சாத்திட்டு வந்து இந்தப் பெட்டியை வச்சுட்டுப் போனார். அவ சிலிண்டருக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதைக் கழட்டி என்னோடதுல மாட்டலாம்னு பாத்தா மரை வேற. ஆக, சுடுறதுன்னா இதுலதான் சுடணும், இல்லைன்னா வீட்டுல கெடக்கணும்.

ஜோதி இதை வாங்கின நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான்தான் கூடப் போனேன். சென்னையில ஒரு ஏசி ரூம்ல விக்கிற ஆளு அஞ்சு பிஸ்டலை வரிசையா வச்சான், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை சொன்னான், இது இந்த ஒலிம்பிக்ல சுட்டது, அது அந்த நாட்டுக்காரன் சுட்டது. ஜோதி கேட்டுக்கிட்டே இருந்துட்டு, அண்ணே கொஞ்சம் பேசாம இருங்கன்னு சொல்லிட்டு, ஒவ்வொண்ணா எடுத்து, கண்ணை மூடி, கையைத் தூக்கி, ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து பாத்தா. பிஸ்டல் எடுக்குற விதம் அதுதான். கண்ணைத் திறக்குறப்ப முன்னாடி இருக்கிற குறி பின்னாடி இருக்கிற பள்ளத்துல தானா உக்காந்திருக்கணும், கை தேடக் கூடாது. வெலை இல்ல, பேரு இல்ல, கண்ணு மூடியிருக்கும்போது கை எங்க போகுதுன்னுதான் பாக்கணும். நாலாவதை எடுத்தப்ப கண்ணைத் திறந்தவ சிரிச்சா. முன்னாடி கனம் கொஞ்சம் கம்மி, கைப்பிடி சின்ன சைஸ். அவ கை சின்னக் கை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கை மாதிரி இருக்கும், வளையல்கூட ரெண்டே கால் சைஸ்தான். என் கை எங்கப்பா கை. இப்ப என் கையை இந்தக் கைப்பிடிக்குள்ள விட்டா கட்டை விரலுக்குக் கீழ முட்டுது, சுண்டு விரல் வெளியில தொங்குது. அராவினாத்தான் உள்ள போகும். கடையில வாங்கினப்ப இருந்த மரம் வேற, இப்ப இருக்கிறது வேற. ஏழு வருஷமா அவ அராவியும், தச்சர்கிட்ட வாங்கின பட்டியை, மரத்துல ஓட்டை அடைக்கிற பசையை, வச்சு அடைச்சும், திரும்ப அராவியும் பண்ணிப் பண்ணி இது அவ உள்ளங்கையாவே ஆயிருச்சு. மோதிர விரல் இடத்துல பட்டி ஈரமா இருக்கும்போது அழுத்தின ரேகைகூட அப்படியே இருக்கு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஏன் பாத்தேன்னு தெரியல. ஆளை எரிச்சாச்சு, சாம்பலையும் கரைச்சாச்சு, இந்த ஒரு விரல் ரேகை மட்டும் என் மேசைமேல கெடக்கு, அதை நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்.

சரி, மொதல்ல மத்த வேலையை முடிப்போம். பேரலைத் துடைக்கணும். இதுக்குன்னு இருக்கிற பஞ்சு உருண்டை, மூணு, பின்னாடி வச்சுக் கம்பியால மெதுவாத் தள்ளணும், எப்பவும் பின்னாடி இருந்து முன்னாடி, மாத்தித் தள்ளினா வாய் தேஞ்சு போகும். ஈயக்கரி வருது. கறுப்பு. ரெண்டாவது உருண்டை சாம்பக் கலர்ல வருது. இந்தக் கரி அவ சுட்ட கடைசிக் குண்டோடது. நான் வாங்கின இந்த மூணு வாரத்துல ஒரு தடவைகூட இதுல சுடல, வெறுங்கையில தூக்கிப் பாத்ததோட சரி. மூணாவது உருண்டை வெள்ளையா வந்தா நிறுத்திரலாம், இல்லைன்னா இன்னொண்ணு. எண்ணெய்ன்னா ஒரே ஒரு சொட்டு, அதுவும் ரப்பர் வளையத்துக்கு மட்டும், சிலர் தாளிக்கிற மாதிரி ஊத்துவாங்க, அப்புறம் குண்டு போற வழி மாறுதேன்னு அழுவாங்க. சிலிண்டரைக் கழட்டி நிழல்ல வைக்கணும், வண்டி டிக்கியில வைக்கவே கூடாது, மதுரையில வெயில் காலத்துல டிக்கியில வச்ச முட்டையே வெந்துரும். இதெல்லாம் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு இல்ல, ரெண்டு பேரும் சேந்துதான் கத்துக்கிட்டோம், ஆனா இப்ப ஒவ்வொண்ணும் அவ குரல்லதான் கேக்குது. ஏன்டி முழுசாத் துடைக்கல. அந்த ஓரத்தைப் பாருடி. பாத்துக்கிட்டுத்தான்டி இருக்கேன், விடு. வெள்ளையா வந்துருச்சு. எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன், வர்றப்ப நாற்காலி கொஞ்சம் தள்ளியிருந்த மாதிரி இருந்துச்சு. நான்தான் தள்ளியிருப்பேன். எழுந்திரிக்கிறப்ப எல்லாரும் தள்ளத்தான செய்வாங்க.

அடுத்தது ட்ரிகர். இதை நான் கடைசியிலதான் வச்சுக்கணும்னு இருந்தேன். அடியில ஒரு திருகு, மயிரிழை ஏத்தினா கனம் ஏறும், இறக்கினா இறங்கும். ஐந்நூறு கிராமுக்குக் குறையக் கூடாதுங்கிறது சட்டம். அதுக்குன்னு ஒரு எடைக்கல் இருக்கு, கொக்கி வச்சது, பிஸ்டல் வாயை மேல பாக்கப் பிடிச்சு, கல்லை ட்ரிகர்ல மாட்டி, மெதுவாத் தூக்கணும். கல்லு மேசையை விட்டு எழும்பித் தொங்கினா சரி. எழும்புறதுக்குள்ள டிக்குன்னு ட்ரிகர் விழுந்துருச்சுன்னா எடை கம்மி. மூணு தடவை தூக்க விடுவாங்க, மூணுல ஒரு தடவை நின்னாப் போதும். ஜோதி எப்பவும் ஐந்நூறுலயே வைப்பா, ஒரு கிராம் கூட்ட மாட்டா, நான் இருபது கூட வச்சிக்கடின்னு சொல்லுவேன், அவ கேக்க மாட்டா, கனம் ஏறினா ட்ரிகர் அவளைக் கேள்வி கேக்குதாம். எங்களுக்குள்ள ஒரு பழக்கம் இருந்துச்சு. கிளப்புல வேற யாரும் அதைச் செய்யல, நாங்க ரெண்டு பேரும் மட்டும். மேட்ச் அன்னிக்குக் காலையில அவ பிஸ்டலை நான் எடை பாப்பேன், என் பிஸ்டலை அவ பாப்பா. தன்னோடதைத் தானே தூக்கினா கை தன்னை அறியாம மெதுவாத் தூக்கும், தயவு காட்டும், அடுத்த ஆளு கைன்னா காட்டாது. அதுக்காகத்தான். அவதான் ஆரம்பிச்சா அதை. நான் பாத்துச் சொன்னதுக்கு அப்புறம் அவ திரும்பப் பாக்க மாட்டா. பாக்கணும்னு அவளுக்குத் தோணவே தோணாது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி மாநிலத் தேர்வு இங்கயே மதுரையில நடந்துச்சு. முந்தின நாள் சாயங்காலமே அதிகாரிங்க எல்லார் பிஸ்டலையும் பாத்து முத்திரை ஒட்டிட்டாங்க, அவளோடதும் நின்னுச்சு, என்னோடதும் நின்னுச்சு. மறுநாள் காலையில ஆறரைக்கு, ரேஞ்சுக்குப் பின்னாடி சிமெண்டு மேடையில உக்காந்து நாங்க மாத்திக்கிட்டோம். அவ என்னோடதைப் பாத்துட்டு வச்சிட்டா, பின்னலை முடிஞ்சுக்கிட்டு இருந்தா, வாயில ரப்பர் பேண்டைக் கடிச்சிக்கிட்டு. நான் கல்லை மாட்டித் தூக்கினேன். டிக். ராத்திரி வெக்கைக்கு எளகியிருக்கும். திரும்ப மாட்டினேன். டிக். அப்ப நான் நிமிந்து பாத்தேன், அவ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா. மூணாவது தடவை தூக்கினேன், மெதுவா, என்னோடதைத் தூக்குற மாதிரி மெதுவா. நின்னுச்சு. கல்லு ஆடிக்கிட்டே தொங்குச்சு. வாயில ரப்பர் பேண்டோட, என்னடி, ஆச்சான்னு கேட்டா. நின்னுச்சுன்னு சொன்னேன். பொய் இல்ல. நின்னுச்சுதான. மூணுல ஒரு தடவை நின்னா சரின்னு சட்டமே சொல்லுதுல்ல. எந்தக் கோர்ட்டுல நிறுத்தினாலும் நான் இதைத்தான் சொல்லுவேன், நாலு வருஷமா சொல்லிக்கிட்டும் இருக்கேன், பல்லு விளக்குறப்ப, பஸ்ஸுல, ஆபீஸ்ல ஃபைலுக்கு நம்பர் போடுறப்ப. நின்னுச்சு. எத்தனாவது தடவைன்னு அவ கேக்கல. அரைத் திருகு ஏத்துடின்னு நான் சொல்லல. பத்து செகண்டு வேலை. திருகுற சாவிகூட என் பையிலதான் இருந்துச்சு.

அவ அன்னிக்கு அறுநூறுக்கு ஐநூத்தி எழுபத்தொண்ணு சுட்டா, மூணாவது இடம். நான் ஐநூத்தி அறுபத்தாறு, நாலாவது. டீமுக்கு மூணு பேருதான். மேட்ச் முடிஞ்சதும் குலுக்கல் போடுவாங்க, யாரு நம்பர் விழுதோ அவங்க பிஸ்டலைத் திரும்பப் பாப்பாங்க, நாப்பது பேருல மூணோ நாலோ பேரு. அவ நம்பர் விழுந்துச்சு. இது என் கையில இல்லையே. குலுக்கினது நானா, எடுத்தது நானா. நாப்பது பேருல அவ நம்பர் விழலைன்னா அவ நேஷனலுக்குப் போயிருப்பா, நான் வீட்டுக்கு வந்திருப்பேன், யாருக்கும் எதுவும் இல்ல, இப்படிக்கூட நெனைச்சிருக்கேன், சாமி மேலயே பழியைப் போட்டுப் பாத்திருக்கேன். கண்ணாடிக்கு வெளிய நின்னு நான் பாத்தேன். அந்த அதிகாரி தூக்குறார், விழுது. தூக்குறார், விழுது. மூணாவது தடவை அவர் மெதுவாத்தான் தூக்கினார், நல்ல மனுசன், அப்பவும் விழுந்துச்சு. ஜோதி வெளிய வந்து என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா. மத்தியான வெக்கைக்கு எளகிருச்சுடி, காலையில நீ பாக்குறப்ப நின்னுச்சுல்லன்னு சொன்னா. என்னைக் கேக்கல, எனக்குச் சமாதானம் சொன்னா, நான் சரியாப் பாக்கலையோன்னு நான் வருத்தப்படக் கூடாதாம். ஆமாடின்னேன். அவ பேரை அடிச்சிட்டு அதுக்குக் கீழ இருந்த என் பேரை மேல ஏத்தினாங்க.

அந்த டீம் நேஷனல்ல வெங்கலம் வாங்குச்சு, அந்த வெங்கலத்துல எனக்கு விளையாட்டுக் கோட்டாவுல வேலை கெடைச்சது. நான் ஏன் செஞ்சேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியும். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்துல பெட்டியோட திரும்பி வந்தவ நான், அண்ணன் வீட்டு ஹால்ல பாய் போட்டுப் படுத்தவ, ராத்திரி பாத்ரூம் போகணும்னாக்கூட அண்ணி எழுந்திரிச்சிருமோன்னு அடக்கிக்கிட்டுக் கெடந்தவ. ஜோதிக்கு வீடு இருந்துச்சு, புருஷன் இருந்தார், கடை இருந்துச்சு. அவளுக்கு அது வெளையாட்டு, எனக்கு அது கதவுன்னு நெனைச்சேன். சிமெண்டு மேடையில ரெண்டாவது டிக்குக்கும் மூணாவதுக்கும் நடுவுல இம்புட்டையும் நெனைக்க நேரம் இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. நேரம் நெறைய இருந்துச்சு. அவளுக்கு அது வெளையாட்டுங்கிறதும் நான் வசதிக்கு நெனைச்சிக்கிட்டது. அடுத்த வருஷமும் வந்தா, அதுக்கடுத்த வருஷமும் வந்தா, ஆனா அன்னிக்குச் சுட்ட மாதிரி அப்புறம் சுடல. ட்ரிகரை நம்ப மாட்டேங்குதுடி மனசுன்னு ஒரு நாளு சொன்னா. எங்க பழக்கத்தை மட்டும் விடல. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் காலையில பிஸ்டலை என்கிட்ட நீட்டுவா. நான் ஒவ்வொரு தடவையும் ஒன்பது முறை தூக்கிப் பாத்துட்டுக் குடுப்பேன், ஏன்டி இம்புட்டு நேரம்னு சிரிப்பா. சொல்லியிருக்கலாம். எத்தனை காலை. அப்புறம் போன வருஷம் டெங்கு, அஞ்சே நாளு, நாலாவது நாளு ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சப்ப அவ கை சுட்டுச்சு, சொல்லணும்னு வாயைத் திறந்தேன், அவ தண்ணி கேட்டா, குடுத்தேன். அதோட சரி. எனக்கும் கை நடுங்க ஆரம்பிச்சது அந்த வருஷந்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இல்ல. அது நாலு வருஷமாவே நடுங்குது.

மணி மூணே கால். அரத்தை எடுத்தேன். கட்டை விரல் மேட்டுல வச்சேன், அங்க ரேகை ஒண்ணும் இல்ல, அங்க இருந்து ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு இழுப்பு. மரம் லேசா வெள்ளையாச்சு, வால்நட் மரத்து வாசம் வந்துச்சு, அதோட அவ போடுற கை பவுடர் வாசமும் வந்துச்சு, சுடுறதுக்கு முன்னாடி வேர்வைக்குப் போடுவாளே அது. மரத்துக்குள்ள ஊறியிருந்திருக்கு. அரத்தைக் கீழ வச்சுட்டேன். எழுந்து போய் வாஷ்பேசின்ல முகத்தைக் கழுவிட்டு நிமிந்தா காலிங்பெல் அடிக்குது. அவராத்தான் இருக்கும். நாலு மணின்னா மூணரைக்கே வந்து நிக்கிற மனுசன், கடைக்கு வர்ற லாரிக்காரனைக்கூடக் காத்திருக்க வைக்காதவர்.

உள்ள வந்து உக்காந்தார். பேட்டரிக் கம்பெனி பை ஒண்ணை மேசைமேல வச்சார். அவங்க வீட்டு பீரோ மேல் தட்டுல இருந்துச்சாம், ஸ்பேர் சிலிண்டர் ஒண்ணும் அதுக்கான சர்டிபிகேட்டும், மேட்ச்சுல கேப்பாங்கல்லன்னு கொண்டு வந்தாராம். தண்ணி குடுத்தேன். ஒரே மடக்குல குடிச்சிட்டு, கழட்டிப் போட்டிருந்த பிஸ்டலைப் பாத்தார், கைப்பிடியில நான் போட்ட அந்த ஒரு வெள்ளைக் கோட்டைப் பாத்தார். ஆள் எளைச்சிருந்தார், சட்டை காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நின்னுச்சு. செலக்‌ஷன் எத்தனை மணிக்குன்னு கேட்டார். ஒன்பதுக்குன்னேன். கடையை லீவு விட்டுட்டு வர்றேம்மா, பின்னாடி சேர்ல ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன், அவ சுடுறப்ப ஒரு நாளும் நான் வந்ததில்ல, கடை கடைன்னு கெடந்துட்டேன், இதுல நீ சுடுறதையாவது பாக்கணும்னு சொன்னார். அப்புறம் அவ உன்னைத் தவிர வேற யாரையும் இதைத் தொட விட்டதில்லையேன்னும் சொன்னார். அதுக்கு மேல என்னால முடியல.

"அண்ணே, அன்னிக்குக் காலையில நான் தூக்கிப் பாத்தப்ப ரெண்டு தடவை விழுந்துச்சுண்ணே. மூணாவது தடவைதான் நின்னுச்சு. நான் ஜோதிகிட்ட சொல்லல."

அவருக்கு எந்த அன்னிக்குன்னே புரியல. சொன்னேன், பேரை அடிச்ச அன்னிக்குன்னு. யோசிச்சார். அப்புறம் லேசாச் சிரிச்சார், சிரிச்சு, மூணாவது தடவை நின்னுச்சுல்லம்மா, அப்புறம் என்னன்னு கேட்டார். குலுக்கல்ல விழுந்தது அவ நேரம், அதுக்கு நீ என்ன பண்ணுவ, இதைப் போட்டுக் கொழப்பிக்கிட்டா இருந்த இம்புட்டு நாளு, ஐந்நூறு கிராம்ல அப்படி என்ன குறைஞ்சிருக்கப் போகுது, பத்து கிராமா இருபது கிராமான்னார். எனக்கு ஆறுதல் சொல்றார். அந்த இடத்துலயே நான் நிறுத்தியிருக்கலாம். சொல்லியாச்சு, அவரும் போகட்டும்னுட்டார், பிஸ்டலும் இருக்கு, சிலிண்டரும் இருக்கு. நாலு வருஷமா எனக்கு வேணும்னு நான் நெனைச்சது அதுதான். ஆனா நெஞ்சுக்குள்ள எறங்கலையே. புரியாம மன்னிக்கிறவர்கிட்ட வாங்கி நான் எங்க வைக்கிறது. இந்த உலகத்துல இதைக் கேட்டதும் புரிஞ்சுக்கிட்டு என்னை அறையக்கூடியவ ஒருத்திதான், அவளைத்தான் எரிச்சாச்சு. அதனால நான் பிஸ்டலை மாட்டினேன், சிலிண்டரைத் திருகினேன், திருகை அரைச் சுத்து இறக்கினேன், எடைக்கல்லை எடுத்து வந்து அவர் கண்ணு முன்னாடி தூக்கிக் காட்டினேன். விழுந்துச்சு. திரும்ப விழுந்துச்சு. அவர் கையில குடுத்தேன், அவரும் தூக்கினார், விழுந்துச்சு. அப்புறம் சாவியைப் போட்டு அரைத் திருகு ஏத்தி அவர் கையிலயே திரும்பக் குடுத்தேன். தூக்கினார். கல்லு அசையாம நின்னுச்சு.

"இம்புட்டுத்தான் வேலைண்ணே. ரெண்டு தடவை விழுந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா அவ போயிருப்பா, நான் போயிருக்க மாட்டேன். தெரிஞ்சுதான் சொல்லல."

அவர் பிஸ்டலைத் துணிமேல வச்சார். ரொம்ப பத்திரமா வச்சார். அவர் முகத்தை நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அது மெதுவா மாறுச்சு, கோபம் இல்ல, கணக்குப் பாக்குறவர் மாதிரியும் இல்ல, ஏதோ பழைய இடத்துக்குப் போய் அங்க ஒவ்வொரு சாமானா எடுத்துப் பாத்து வைக்கிறவர் மாதிரி இருந்துச்சு. கீழ வீட்டுல குக்கர் விசில் அடிச்சு ஓஞ்சுது. நான் பிஸ்டலைப் பெட்டியில வச்சு, சிலிண்டரையும் சர்டிபிகேட்டையும் வச்சு, மூடி, கொக்கியை மாட்டி அவர் பக்கம் தள்ளினேன். அவர் பெட்டியைப் பாக்கல.

"அன்னிக்கு ராத்திரி அவ ஒண்ணும் வேணாம்னு செவுத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தா. நான் எம்புட்டோ சொல்லியும் எந்திரிக்கல. நீதான பக்கத்துல உக்காந்து ஊட்டிவிட்ட."

"ஆமாண்ணே."

"நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." சட்டைக் காலரை இழுத்து விட்டார். "ரெண்டு இட்லி சாப்பிட்டா."

"மூணுண்ணே"ன்னு சொன்னேன்.

அவர் தலையாட்டினார். பெட்டியை எடுத்துக்கிட்டு, செருப்பை மாட்டி, ஒவ்வொரு படியா இறங்கிப் போனார். நான் வாசல்லயே நின்னேன், கீழ வண்டி கிளம்புற சத்தத்துக்காக. ரொம்ப நேரம் கேக்கவே இல்ல.